அடுக்கா, படலமா, படையா: எந்த இடத்தில் எந்தச் சொல்?

பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு சிறு அறிவியல் புத்தகத்தைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்தார்கள். நாற்பது பக்கம்தான். வெங்காயம், தோல், மண், காற்று, ஓசோன், கீழடிக் குழி என்று பலதும் அதில் வருகின்றன. படித்துக்கொண்டே போனபோது ஒரே சொல் விடாமல் கூடவே வந்தது. வெங்காயத்தில் அடுக்கு, தோலில் அடுக்கு, தண்ணீர் மேல் மிதக்கும் எண்ணெயிலும் அடுக்கு. ஆங்கிலத்தில் லேயர் என்று ஒரு சொல் இருக்கிறது, அதற்குத் தமிழில் ஒரு சொல் என்று முடிவு செய்து எழுதியவர் எல்லா இடத்திலும் அதையே வைத்திருந்தார்.

அவர் செய்ததில் ஒரு நியாயம் உண்டு. கலைச்சொல் என்றால் இடத்துக்கு இடம் மாறக் கூடாது, பிள்ளைகள் குழம்புவார்கள் என்பது அவர் கட்சி. ஆனால் பிள்ளைகள் வெறும் தலையோடு வகுப்புக்கு வருவதில்லை. அடுக்கு என்றால் என்ன, படலம் என்றால் என்ன என்று வீட்டிலேயே பார்த்துப் பழகித்தான் வருகிறார்கள். அந்தப் பழக்கத்துக்கு எதிராக ஒரு சொல்லைப் போட்டால் சொல் நிற்கும், பொருள் நழுவிவிடும். ஆகவே எந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். இதே சிக்கல் மொழிபெயர்ப்பவர்கள், பாடம் எழுதுகிறவர்கள், கண்காட்சிக்குப் பலகை எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் வரும் என்பதால் நான் பார்த்ததை இங்கே சொல்கிறேன்.

முதலில் அடுக்கு. இந்தச் சொல்லுக்குள் ஒரு கை இருக்கிறது. "பாத்திரத்தை அடுக்கு" என்றால் வேலை. "நாலு அடுக்கு கேரியர்" என்றால் பொருள். ஒரே சொல் வினையாகவும் பெயராகவும் நிற்பதால், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த செயல் பெயரிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய வீடுகளில் உள்ளறை மூலையில் இருந்த அடுக்குப்பானையை நினைத்துப் பாருங்கள். கீழே பெரிய பானை, மேலே போகப் போகச் சிறியது. மேல்பானையை இறக்கி வைத்தாலும் மற்றவை பானையாகவே இருக்கும். கேரியரிலும் அப்படித்தான்: குழம்புக் கிண்ணத்தைத் தனியே எடுத்தால் சாதக் கிண்ணத்துக்கு ஒன்றும் ஆகாது. (அடுக்களைக்கும் இந்த அடுக்குக்கும் உறவில்லை. அது அடுதல், அதாவது சமைத்தல் என்பதிலிருந்து வந்தது.)

இலக்கணக்காரர்கள் இதை நம்மைவிடக் கூர்மையாகப் பார்த்திருக்கிறார்கள். "பாம்பு பாம்பு" என்று கத்தினால் அது அடுக்குத்தொடர். ஒரு பாம்பை எடுத்துவிட்டாலும் மிச்சமுள்ள பாம்பு பாம்புதான். "சலசல" என்பது இரட்டைக்கிளவி. அதைப் பிரித்து வெறும் "சல" என்றால் பொருள் தராது. இரட்டைக்கிளவி பிரிந்து ஒலிக்காது என்பது தொல்காப்பியம். ஒரு சொல் இரண்டு, மூன்று, நான்கு முறைவரை அடுக்கி வரலாம் என்பது நன்னூல். அடுக்கு என்று பெயர் வைக்க அவர்கள் பார்த்த அடையாளம் பிரித்தாலும் பொருள் நிற்குமா என்பதுதான். எனக்கும் இதுவே அளவுகோலாக அமைந்துவிட்டது. பிரித்து எடுத்தால் தனித்து நிற்குமா? நிற்கும் என்றால் அடுக்கு.

நடப்பு வழக்கும் இதற்கு ஒத்துப்போகிறது. 73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தபின் ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என்று மூன்றடுக்கு அமைப்பு வந்தது. ஒவ்வொன்றும் தனி மன்றம், தனித் தேர்தல். வாக்கு எண்ணும் மையத்துக்கு மூன்றடுக்குப் பாதுகாப்பு என்று செய்தியில் படிக்கிறோம். ஒவ்வொரு வளையத்திலும் வேறு காவலர்கள் நிற்பார்கள். பூக்காரரிடம் கேட்டால் ஒற்றை நந்தியாவட்டை வேறு, அடுக்கு நந்தியாவட்டை வேறு என்பார். இதழை யாரும் வைத்து அடுக்கவில்லை என்றாலும், ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க முடிகிறது.

ஒரு துறைக்கு என்று தனிச் சொல் இருந்தால் அதற்கே முதல் மரியாதை. ஸ்ரீரங்கத்தில் 1987-ல் குடமுழுக்கு கண்ட ராஜகோபுரத்தைப் பதின்மூன்று அடுக்குக் கோபுரம் என்று எழுதினாலும் புரியும். ஆனால் கோயிலோடு பழகியவர் பதின்மூன்று நிலை என்றுதான் சொல்வார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்கு வந்தால் நிலை போய்த் தளம் வந்துவிடும். கோபுரத்துக்கு நிலை, விமானத்துக்குத் தளம், உறைகிணற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிய சுடுமண் வளையத்துக்கு உறை. சுவருக்கு வண்ணம் அடிக்கிறவரிடம் போய் "இரண்டு அடுக்கு அடியுங்கள்" என்றால் அவர் விழிப்பார். அவருக்கு அது கோட்டு. புத்தகத்தில் அப்படி இருந்த நான்கைந்து இடங்களை யோசிக்காமலே மாற்றிவிட்டேன்.

அடுத்தது படலம். இதில்தான் எனக்கு நேரம் பிடித்தது.

படலம் என்றால் மெல்லியது, மூடிக்கொண்டிருப்பது, தனியே தூக்க முடியாதது. கண்ணில் படலம், கண்ணாடி மேல் தூசிப் படலம், காலையில் வயல்மேல் பனிப்படலம். காவியங்களில் காண்டத்துக்குள் வரும் பிரிவுக்கும் படலம் என்று பெயர் இருக்கிறது. அது நம் பேச்சுக்கு வேண்டாம். படலத்தைத் துடைக்கலாம், சுரண்டலாம், விலகும்வரை காத்திருக்கலாம். கையில் எடுத்துப் பக்கத்தில் வைக்க முடியாது. புத்தகத்தில் தண்ணீர் மேல் மிதந்த எண்ணெயை அடுக்கு என்றிருந்ததை உடனே படலம் என்று மாற்றினேன்.

ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. 2017 ஜனவரி கடைசியில் எண்ணூர் அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் படலம் பரவுகிறது என்றுதான் எங்கும் பேச்சாக இருந்தது. கரையில் நின்றவர்கள் கண்டது வேறு. பாறைகளுக்கு நடுவே கெட்டியாகத் தேங்கிய கரிய கசடை, மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளியில் அள்ளி அள்ளி ஊற்றினார்கள். வாளியில் அள்ளுகிற அளவுக்கு இருப்பதைப் படலம் என்று சொல்வது, நடந்த கேட்டைச் சின்னதாக்கிக் காட்டும். தூரத்தில் நீர்மேல் மின்னியது படலம், கரையில் அள்ளியது கசடு. சொல்லைச் சரியாக எடுப்பது அழகுக்காக மட்டும் செய்கிற வேலை இல்லை என்று எனக்கு உறைத்தது இந்த இடத்தில்தான்.

அப்போதுதான் எனக்கு ஒரு வழி பிடிபட்டது. பெயர்ச்சொல்லைத் தேடி மண்டையை உடைப்பதற்கு முன்னால், அதை என்ன செய்வோம் என்று வினையைக் கேட்க வேண்டும். எடுத்து வைக்க முடிந்தால் அடுக்கு. துடைக்க முடிந்தால் படலம். உரித்தால் தோல். விரித்தால் மடிப்பு. சுடுபாலின் மேலிருந்து விரலால் வழித்து எடுத்தால் ஆடை, அல்லது ஏடு. பாலேட்டைப் பால்படலம் என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை, பாலடுக்கு என்றும் சொல்வதில்லை. வினை நம் எல்லோருக்கும் தெரியும். பெயரில்தான் தடுமாறுகிறோம்.

சரி, கை எட்டாத இடத்தில் என்ன செய்வது? ஓசோனை யார் எடுத்து வைத்தார்கள், யார் துடைத்தார்கள்?

தமிழ்நாட்டில் ஓசோன் படலம் என்பது ஊறிப்போன சொல். கூடவே ஓசோன் ஓட்டை என்பதும் வந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து பிள்ளைகள் மனதில் ஒரு படத்தை வரைகின்றன: தலைக்கு மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் மாதிரி ஒன்று விரிந்திருக்கிறது, அதில் எங்கோ கிழிசல். வகுப்பில் ஒரு சிறுமி என்னிடம், "அது கிழிஞ்சா தெச்சிட முடியாதா மிஸ்?" என்று கேட்டாள். கேள்வியில் தவறே இல்லை. நாம் கொடுத்த சொல்லிலிருந்து அவள் சரியாகத்தான் யோசித்திருக்கிறாள்.

உண்மையில் ஓசோனின் பெரும்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர் முதல் 35 கிலோமீட்டர்வரை பரவிக் கிடக்கிறது. இருபது கிலோமீட்டர் கனமுள்ள ஒன்றைப் படலம் என்பது பொருந்தவில்லையே என்று தோன்றும். அந்த உயரத்திலும் அது தனியாக இல்லை. மற்றக் காற்றோடு கலந்துதான் இருக்கிறது. மிகச் செறிவான இடத்தில்கூடப் பத்து லட்சம் மூலக்கூறுகளில் ஓசோன் பத்து அளவில்தான் இருக்கும். பிரித்து எடுக்க எல்லைக்கோடு எதுவும் இல்லாததால் அடுக்கு என்பதும் முழுக்கச் சரியாகாது. இன்னொரு கணக்கும் இருக்கிறது. அந்த ஓசோன் முழுவதையும் கீழே கொண்டுவந்து தரைமட்டக் காற்றழுத்தத்தில் பரப்பினால் சராசரியாக 3 மில்லிமீட்டர்தான் தேறும். ஓசோனை அளக்கும் டாப்சன் அலகு இந்தக் கணக்கில்தான் உருவானது. 300 டாப்சன் என்றால் 3 மில்லிமீட்டர். 220-க்குக் கீழே போன பகுதியைத்தான் ஓட்டை என்கிறார்கள். அங்கே ஓசோன் குறைந்திருக்கிறது, அற்றுப்போகவில்லை. இந்தக் கணக்கைப் பார்த்தபின் படலம் என்ற சொல்லின்மேல் எனக்கு மறுபடி மரியாதை வந்துவிட்டது. நம்மையும் பயிர்களையும் புற ஊதாக் கதிரிலிருந்து காப்பது மூன்று மில்லிமீட்டர் பெறுமானமுள்ள ஒரு பொருள் என்பதை வேறு எந்தச் சொல் சொல்லும்?

அதனால் படலத்தை வைத்துக்கொண்டு, ஓட்டையை மாற்றினேன். அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் மெலிந்துபோவது 1985-ல் கண்டறியப்பட்டது என்று எழுதினேன். மெலிந்தது என்றால் தைப்பதைப் பற்றிய கேள்வி எழாது, மறுபடி தேறுமா என்ற கேள்வி எழும். ஓசோனைக் கெடுக்கும் வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்த 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்த கதையைச் சொல்ல அந்தக் கேள்விதான் வழி.

புத்தகத்தின் இந்தப் பக்கத்தை யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருக்கும் ஒரு தோழிக்கு அனுப்பினேன். "அக்கா, எங்களுக்குப் படலம் எண்டா கண்ணில வாற வருத்தம்தான் ஞாபகம் வரும். நாங்கள் ஓசோன் படை எண்டுதான் படிச்சனாங்கள்" என்றாள். இலங்கைப் பாடநூல்களில் படைதான் பொதுச்சொல். காற்றுவெளியில் ஓசோன் இருக்கும் பகுதியை நம் பாடநூல் மீள் அடுக்கு என்று சொல்லும், அங்கே அது படைமண்டலம்.

எனக்குப் படையை மிகவும் பிடிக்கும். மண்சுவர் வைக்கும்போது ஒரு படை மண்ணை வைத்து, அது இறுகும்வரை விட்டு, அதன்மேல் அடுத்த படையை வைப்பார்கள். முதல் படை காயாமல் இரண்டாவதை ஏற்றினால் சுவர் பிதுங்கிவிடும். காத்திருந்து வளர்வது என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அடுக்கில் அது இல்லை. வண்டலாகப் படிந்து இறுகிய பாறைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஆனால் தமிழ்நாட்டுப் பிள்ளையிடம் படை என்றால் ராணுவம் வந்து நிற்கும். அதற்கு அடுத்தபடி சொறி, சிரங்கு, படை. மண்சுவர் வைப்பதைப் பார்த்த தலைமுறையும் குறைந்துவிட்டது. இந்தப் புத்தகம் அச்சாவது இங்குள்ள பள்ளிகளுக்காக என்பதால் மனமில்லாமல்தான் விட்டேன். இணையத்தில் எழுதுகிறவர் என்றால், இரு கரையிலும் படிப்பார்கள் என்று எண்ணி, முதல்முறை வரும் இடத்தில் "ஓசோன் படலம், இலங்கை வழக்கில் ஓசோன் படை" என்று ஒருமுறை சொல்லிவிடலாம். ஒரு வரிதான் கூடும்.

படிவு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நீரோ காற்றோ கொண்டுவந்து இறக்கியது படிவு. ஆற்றங்கரை வண்டல், குழாய்க்குள் உப்பு, படிவுப் பாறை. அது எப்படி வந்தது என்பதைச் சொல்லும், எத்தனை என்பதைச் சொல்லாது. எண்ண வேண்டியிருந்தால் படிவு அடுக்கு என்று இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மண்ணுக்கு வந்தபோது மறுபடி நின்றேன். வயலில் ஒரு குழி வெட்டினால் மேலே கறுப்பு, நடுவே சிவப்பு, அடியில் சரளை என்று பட்டை பட்டையாகத் தெரியும். பார்த்தவுடன் அடுக்கு என்றே சொல்லத் தோன்றும். ஆனால் பல இடங்களில் அவற்றை யாரும், எதுவும் கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போடவில்லை. அடியில் இருந்த பாறையே அங்கேயே சிதைந்து, மழைநீர் மேலிருந்து சத்தை இறக்கி, வேர்களும் புழுக்களும் வேலை செய்து, ஒரே இடத்து மண் பட்டைகளாகப் பிரிந்திருக்கிறது. இதற்கு உழவர்கள் வைத்திருக்கும் சொற்களே போதும்: மேல்மண், அடிமண், அதற்குக் கீழே சரளை, பாறை. அடுக்கும் வேண்டாம், படலமும் வேண்டாம். அந்தப் பக்கத்திலிருந்த அடுக்கையெல்லாம் எடுத்துவிட்டேன். பக்கம் முன்பைவிடத் தெளிவாகிவிட்டது.

தொல்லியல் குழி இதற்கு நேர் எதிர். அங்கே அடுக்கு என்ற சொல்லை விடவே கூடாது. மக்கள் வாழ்ந்து, போட்டு, இடிந்து, மறுபடி அதன்மேல் கட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய மண் அது. துறையிலும் மண்ணடுக்கு என்றே சொல்கிறார்கள். நான் படித்த படியில் சில இடங்களில் மண்ணடுக்கு என்றும், சில இடங்களில் மட்டம் என்றும் மாறி மாறி இருந்தது. இரண்டும் ஒன்றுதானே என்று விட்டுவிடக் கூடாத இடம் இது.

மட்டம் என்பது மேலிருந்து அளந்த ஆழம். மண்ணடுக்கு என்பது ஒரு காலத்தில் சேர்ந்த மண். தரை சரிவாக இருந்தாலோ, பின்னால் வந்தவர்கள் குப்பைக்குழி தோண்டியிருந்தாலோ, ஒரே மட்டத்தில் இருநூறு ஆண்டு வித்தியாசமுள்ள பொருள்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக இருந்த மார்டிமர் வீலர், மொகஞ்சதாரோவில் முன்பு ஆழத்தை மட்டும் வைத்துப் பொருள்களைப் பதிவு செய்த முறையைக் கடுமையாக எதிர்த்தார். 1945-ல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் அவர் மண்ணின் நிறத்தையும் தன்மையையும் பார்த்து அடுக்கு அடுக்காகப் பிரித்துத்தான் தோண்டினார். இத்தாலியில் செய்த, காலம் முன்பே தெரிந்த அரெட்டைன் வகைச் சிவப்புப் பானை ஓடுகள் எந்த மண்ணடுக்கில் கிடந்தன என்று தெரிந்ததால், கூடக் கிடந்த நம் ஊர்ப் பானைகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. ஆழத்தை மட்டும் குறித்திருந்தால் அது முடிந்திருக்காது.

கீழடியைப் பற்றிய பக்கத்தில் "353 செ.மீ. ஆழத்தில் கி.மு. 580" என்ற வரி இருந்தது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019-ல் வெளியிட்ட அறிக்கையில் உள்ள செய்திதான் அது. ஆனால் அந்த வரியை அப்படியே படித்தால், எங்கே 353 செ.மீ. தோண்டினாலும் கி.மு. 580 வரும் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். காலத்தைச் சொன்னது ஆழம் இல்லை, அந்த இடத்து மண்ணடுக்கில் கிடைத்த கரியின் பகுப்பாய்வு. "353 செ.மீ. ஆழத்தில் இருந்த மண்ணடுக்கில் கிடைத்த கரியைச் சோதித்தபோது" என்று நீட்டி எழுதினேன். வரி நீண்டுபோனது பற்றி எனக்கு வருத்தமில்லை.

அப்புறம் லேயர். இதை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பரோட்டா மாஸ்டர் "லேயர் லேயரா வரணும்" என்றுதான் சொல்வார். கணினியில் படம் வரைகிறவரும் லேயரை மறைத்து, லேயரைக் காட்டித்தான் வேலை செய்கிறார். ஒருவர் பேசியதை எழுதும்போது லேயர் என்றே எழுதலாம். விளக்கி எழுதும்போது கணினிக்கு அடுக்கு நன்றாகவே பொருந்துகிறது. வரைபடத்தில் சாலை அடுக்கை மட்டும் எடுத்துவிட்டு ஆறுகளைப் பார்க்கலாம், மற்றது அப்படியே நிற்கும். கேரியர் கிண்ணம் போலத்தான்.

பெயரடையாக வரும்போது ஒரு சின்னக் கவனம் வேண்டும். பல்லடுக்கு என்பது எண்ணத்தக்க அமைப்புக்கு: பல்லடுக்கு வாகன நிறுத்தம். அடுக்கடுக்கான என்பது ஒன்றன்பின் ஒன்றாக ஓயாமல் வருவதற்கு: அடுக்கடுக்கான புகார்கள், அடுக்கடுக்கான மலைகள். "தோல் அடுக்கடுக்கானது" என்று எழுதினால் அழகாக இருக்கும், தகவல் இருக்காது. தோலுக்கு மேல்தோல், உட்தோல் என்று பெயர் சொல்லிவிடுவது மேல்.

கடைசியாக, புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருந்த வெங்காயம். அதை மட்டும் மூன்று நாள் தள்ளிப்போட்டேன். வெளிச்சருகை உரிக்கிறோம், ஆகவே தோல். உள்ளே இருப்பதை உரிப்பதும் உண்டு, பிரிப்பதும் உண்டு. அளவுகோலை வைத்தால் அடுக்கு என்றே வரும், தனித்தனியாகப் பிரிந்து நிற்கிறதே. ஆனால் அடுத்த பக்கங்களில் மண்ணடுக்கைப் பற்றிச் சொல்லும்போது "அடியில் இருப்பது பழையது" என்று கற்றுக்கொடுக்கப் போகிறோம். வெங்காயத்தில் வளர்ச்சி நடுவிலிருந்து வருகிறது. உள்ளே இருப்பது இளசு, வெளியே இருப்பது முதிர்ந்தது. அவை உண்மையில் சதைப்பற்று ஏறிய இலையின் அடிப்பகுதிகள். ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் பிள்ளை வெங்காயத்தின் நடுவில் கீழடியைத் தேடும்.

பதில் சமையலறையில் கிடைத்தது. காலிஃபிளவரோடு வதக்க வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த என் நாத்தனார், "சதுரமா வெட்டி இதழ் இதழா உதுத்துப் போடுங்க அண்ணி" என்றாள். முதல் பக்கத்தில் அடுக்கை அடித்துவிட்டு இதழ் என்று எழுதி, புத்தகத்தை அச்சுக்கு அனுப்பினேன்.